குழியை மூடறதுக்கு முன்னாடி யார் பார்த்தாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடற ஒரு டேனரியில முப்பது வருஷத்துக்கு மேல பாய்லர் ஓட்டினவன். இப்போ ரிடையர் ஆகி சத்துவாச்சாரியில பையன் வீட்டோட இருக்கேன். பேப்பருக்கு லெட்டர் எழுதற பழக்கமெல்லாம் எனக்கு கிடையாது, ஆனா போன மாசம் எங்க தெருவுல வீட்டு அடுப்புக்கு கேஸ் கொண்டு போற பைப்பு கிழிஞ்சதை பார்த்ததுல இருந்து ராத்திரி படுத்தா அந்த உஸ்ஸுன்ற சத்தம் காதுலயே நிக்குது, அதனால எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்குங்க.

காலையில ஒம்பதரை இருக்கும். ஸ்கூல் வேன் எல்லாம் போய் தெரு கொஞ்சம் அடங்கின நேரம். டிரெயினேஜ் லைனுக்கு தோண்டறோம்னு ஒரு ஜேசிபி வந்து தெரு முனையில பக்கெட்டை இறக்குச்சு, ரெண்டாவது வாட்டி மண்ணை அள்ளித் தூக்கறப்போ மஞ்ச கலர்ல ஒரு பைப்பு கயிறு மாதிரி இழுத்துக்கிட்டே மேல வந்துச்சு, வந்து பட்டுனு கிழிஞ்சது. அடுத்த செகண்ட் அந்த சத்தம். பாய்லர்ல சேஃப்டி வால்வ் தூக்கினா எப்படி அலறும், அந்த சத்தம், எனக்கு தூக்கத்துல கேட்டா கூட தெரியும். ஆனா பாய்லர்ல வெளிய வர்றது வெள்ளையா கண்ணுக்குத் தெரியும், விலகி ஓடலாம். இதுல ஒண்ணுமே தெரியல, மண்ணு மட்டும் ஆளுயரத்துக்கு எகிறுது, நாத்தம் மூக்கை அடைக்குது.

குழிக்கு இருபது அடியில பாய் டீக்கடை. அடுப்பு எரிஞ்சுட்டு இருக்கு. நான் கத்தின கத்துல அவர் பால் பாத்திரத்தைக் கூட இறக்காம சிலிண்டர் வால்வை மூடிட்டு வெளிய வந்துட்டார், அந்த மனுஷனுக்கு நான் காலம் பூரா நன்றி சொல்லணும். எதிர் வீட்டம்மா வாசலுக்கு ஓடி வந்து "இன்னாங்க இது, வூட்டுக்குள்ள எல்லாம் சிலிண்டர் நாத்தம் அடிக்குது, எங்க வூட்டு சிலிண்டர் மூடித்தான் கீது"ன்னு நடுங்கறாங்க. ஜேசிபி ஓட்டின பையனுக்கு இருபது வயசு கூட இருக்காது, இன்ஜினை ஆஃப் பண்ணாமயே குதிச்சு ஓடிட்டான். இன்ஜின் ஓடிட்டே இருக்கு, பக்கத்துல கேஸ் பீச்சுது. அவனைத் திரும்பக் கூப்பிட்டு சாவியைத் திருப்ப வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா அங்க நின்ன சூப்பர்வைசர், "ஒண்ணும் இல்ல பெருசு, மண்ணைத் தள்ளி மூடிட்டா நின்னுடும்"னு ஆளுங்களை விட்டு மம்பட்டியால மண்ணு தள்ளச் சொல்றார். மூடாதப்பா மூடாதப்பான்னு நான் கையைப் புடிச்சுக்கிட்டேன். தயவு செஞ்சு இதை பெரிய எழுத்துல போடுங்க சார், கிழிஞ்ச கேஸ் பைப்பு மேல மண்ணைத் தள்ளினா கேஸ் நிக்காது, மேல வர வழி இல்லாம மண்ணுக்குள்ளயே பக்கவாட்டுல போகும், போற வழியில சாக்கடை, கேபிள் குழாய், பழைய டிரெயினேஜ் எது கிடைச்சாலும் அதுக்குள்ள பூந்து யாரோ ஒருத்தர் வீட்டு பாத்ரூம்ல போய் வெளிய வரும். பைப்புல வர்ற இந்த கேஸ் பெரும்பாலும் மீத்தேன், காத்தை விட லேசு, திறந்த வெளியில விட்டா மேல போய் கலைஞ்சிடும், சிலிண்டர் கேஸ் மாதிரி தரையோட தங்காது, அந்த விதத்துல சிலிண்டரை விட இது நல்லது தான். ஆனா மூடின இடத்துல காத்தோட 5-ல இருந்து 15 சதவீதம் கலந்து நின்னா ஒரு சுவிட்ச் போட்டாலே போதும். மீத்தேனுக்கு சொந்தமா நாத்தமே கிடையாது, நமக்கு வர்ற நாத்தம் தெரிஞ்சே கலக்கற மெர்காப்டன்ற கெமிக்கல். அதைக் கலக்கணும்னு ஏன் வந்துச்சுன்னா 1937-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல நியூ லண்டன்ற ஊர்ல ஒரு ஸ்கூலுக்கு அடியில நாத்தமில்லாத கேஸ் யாருக்கும் தெரியாம சேர்ந்து வெடிச்சு கிட்டத்தட்ட 300 பேர், முக்கால்வாசி பிள்ளைங்க, செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் தான் சட்டம் வந்துச்சு. மண்ணு வழியா ரொம்ப தூரம் வந்தா அந்த நாத்தமும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு போயிடும், இது நிறைய பேருக்கு தெரியாது.

சரி, யாருக்கு போன் பண்றது? தெரு முனையில கேஸ் கம்பெனிக்காரங்க நட்ட மார்க்கர் கல் ஒண்ணு இருக்கு, அதுல நம்பர் எழுதியிருக்கு, ஆனா போன வருஷம் கால்வாய் கட்டினப்போ கல்லைச் சுத்தி கான்கிரீட் ஊத்தினதுல நம்பரோட கடைசி நாலு எழுத்து உள்ள போயிருச்சு. 2022-ல நம்ம வேலூர்ல நிறுத்தி வெச்ச பைக்கோட சேர்த்து கான்கிரீட் ரோடு போட்டாங்களே, ஊரே பார்த்துச்சே, அந்த மாதிரி. கடைசியில என் பையன் 101 போட்டான். தீயணைப்பு வண்டி சீக்கிரமா வந்தாங்க, தெருவை காலி பண்ண வெச்சாங்க, தண்ணி அடிச்சாங்க, அவங்க கேட்ட முதல் கேள்வி "வால்வ் எங்க இருக்கு?" ஒருத்தருக்கும் தெரியல. முக்கால் மணி நேரம் கழிச்சு கம்பெனி பசங்க ரெண்டு பேர் பைக்ல வந்தாங்க. நல்ல பசங்க, வேலை தெரிஞ்சவங்க. பிளாஸ்டிக் பைப்புல கேஸ் பீச்சறப்போ ஸ்டாட்டிக் கரண்ட் ஏறும்னு ஈரத்துணியை பைப்பு மேல சுத்தி மண்ணுல படற மாதிரி விட்டுட்டு, கொஞ்சம் தள்ளி தோண்டி, கிளாம்ப் போட்டு பைப்பை அமுக்கி நெரிச்சாங்க. சத்தம் நின்னுச்சு. தெருவே மூச்சு விட்டுச்சு.

நான் அப்புறம் வீட்டுக்குப் போய் என் பழைய இரும்பு டேப்பை எடுத்துட்டு வந்து அளந்தேன். கிழியாம இருந்த பக்கம் ரோட்டு மட்டத்துல இருந்து பைப்பு வரைக்கும் ஒண்ணரை அடி. ஒண்ணரை அடி சார். விதிப்படி ஒரு மீட்டர் இருக்கணும், அதாவது மூணேகால் அடி. பைப்புக்கு மேல ஒரு அடி உயரத்துல மஞ்சள்ல எச்சரிக்கை ஷீட் ஒண்ணு விரிச்சிருக்கணும், தோண்டறவன் முதல்ல அதைப் பார்த்து நிறுத்தறதுக்காக. அது எங்கயும் இல்ல. அந்த கம்பெனி பசங்கள்ல ஒருத்தன்கிட்ட காட்டினேன், "தாத்தா, நாங்க மெயின்டனன்ஸ், லைன் போட்டது வேற கான்ட்ராக்டர்"னு சொன்னான். அவனைச் சொல்லி என்ன பண்றது. ஜேசிபிக்காரன் தோண்டினது தப்பு தான், ஆனா மூணேகால் அடியில பைப்பும் அதுக்கு மேல ஷீட்டும் இருந்திருந்தா அந்த ரெண்டாவது பக்கெட்டுக்கு அது மாட்டியே இருக்காது. போட்ட அன்னைக்கு குழி திறந்து கிடந்துச்சு இல்ல, அப்போ ஒருத்தர் டேப் வெச்சு அளந்திருந்தா அரை நிமிஷ வேலை. யார் அளந்தாங்க? என் கேள்வி இது ஒண்ணு தான்.

விதி இல்லாம இல்ல. விதி கட்டுக்கட்டா இருக்கு. 2006-ல பார்லிமென்ட்ல சட்டம் போட்டு பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்னு ஒண்ணு அமைச்சாங்க, பிஎன்ஜிஆர்பி, டெல்லியில இருக்கு. எந்த ஊருக்கு எந்த கம்பெனி கேஸ் குடுக்கணும்னு ஏலம் விட்டு லைசென்ஸ் குடுக்கறதும் அவங்க தான், பைப்பு எப்படி போடணும்னு விதி எழுதறதும் அவங்க தான். ஊர் கேஸ் லைனுக்கான பாதுகாப்பு விதி 2008-ல வந்தது, பைப்போட ஆயுசு பூரா அதை எப்படி கவனிக்கணும்னு 2013-ல இன்னொண்ணு, விபத்து ஆனா என்ன பண்ணணும்னு 2010-ல ஒண்ணு. பெரிய இரும்பு லைன்ல 49 பார் வரைக்கும் பிரஷர் போகலாம், தெருவுக்குள்ள வர்ற மஞ்ச பைப்புல 7 பாருக்குள்ள, வீட்டு அடுப்புக்கு வர்றப்போ வெறும் 21 மில்லிபார். நான் ஓட்டின பாய்லர் பத்து கிலோ பிரஷர், ஒரு கிலோன்னா கிட்டத்தட்ட ஒரு பார். அந்த கணக்குல பார்த்தா ரோட்டுக்கு அடியில போற இரும்பு லைன்ல நாலஞ்சு பாய்லர் பலம் இருக்கு. வாரியத்து உத்தரவை மீறினா 1 கோடி வரைக்கும் அபராதம், தொடர்ந்து மீறினா நாளுக்கு 10 லட்சம் வரைக்கும்னு சட்டத்துலயே இருக்கு. எல்லாம் சரி, ஆனா அந்த விதியை கையில எடுத்துக்கிட்டு சத்துவாச்சாரி தெருவுல குழிக்குள்ள எட்டிப் பார்க்கறது யாரு? கம்பெனியே சொந்தமா பார்த்துக்கணும், அப்புறம் வாரியத்தோட பட்டியல்ல இருக்கற ஒரு ஏஜென்சியை கம்பெனி காசு குடுத்துக் கூப்பிட்டு ஆடிட் பண்ணிக்கணும். ஆடிட் வர்றப்போ பைப்பு மண்ணுக்குள்ள, மேல கான்கிரீட் ரோடு. பேப்பர்ல ஒரு மீட்டர்னு இருந்தா ஒரு மீட்டர்.

பாய்லர் கதையைச் சொல்றேன், அப்போ தான் நான் எதுக்கு இவ்வளவு கத்தறேன்னு புரியும். வருஷத்துக்கு ஒரு வாட்டி பாய்லரை நிறுத்தி, ஆற வெச்சு, தண்ணியை இறக்கி, மேன்ஹோலை தொறந்து வெச்சுட்டு காத்திருப்போம். அரசாங்க பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். வந்ததும் சேர்ல உக்காந்து ஃபைல் கேக்க மாட்டார், டார்ச்சையும் சின்ன சுத்தியையும் எடுத்துக்கிட்டு நேரா உள்ள பூந்துடுவார். தட்டிப் பார்ப்பார், ட்யூப் எண்டை எல்லாம் ஒண்ணொண்ணா பார்ப்பார், வெளிய வர்றப்போ ஆளு கரியும் துருவுமா இருப்பார். ஒரு வருஷம் ரெண்டு ட்யூப் எண்டுல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா ஒரு தடம் இருந்துச்சு, கசிவுக்கு அடையாளம் அது. முதலாளி எக்ஸ்போர்ட் ஆர்டர் நிக்குது சார்னு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், அவர் அசையல, ட்யூப் மாத்தி, தண்ணி ஏத்தி ஹைட்ராலிக் டெஸ்ட் எடுத்து, கேஜ் முள் இறங்காம நின்னதை கண்ணால பார்த்தப்புறம் தான் கையெழுத்துப் போட்டார். அந்த சர்டிஃபிகேட் பாய்லர் ரூம்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும், தேதி முடிஞ்சா அடுப்பு பத்த வெக்கக் கூடாது. அன்னைக்கு எனக்கே அவர் மேல கோவம். ஒரு வாரம் சம்பளம் போச்சே. இன்னைக்கு நான் உசுரோட உக்காந்து எழுதறேன்னா அதுல அவர் பங்கும் இருக்கு.

பாய்லர் சட்டம் யாருது? மத்திய அரசு சட்டம், 1923-ல வெள்ளைக்காரன் போட்டது, 2025-ல புதுசா எழுதினாங்க. ஆனா ரெண்டுலயும் இன்ஸ்பெக்டரை நியமிக்கறது மாநில அரசு. சட்டம் டெல்லியுது, பார்க்கற ஆள் நம்ம ஆள். கரண்ட்டும் அப்படித்தான், மின்சார சட்டம் மத்திய சட்டம், ஆனா மாநில அரசோட மின் ஆய்வாளர் இருக்கார், ஒரு ஃபேக்டரியில டிரான்ஸ்ஃபார்மர் வெச்சாக் கூட அவர் வரணும். லிஃப்ட்டுக்கு இருக்கு, ஃபேக்டரிக்கு இருக்கு. ஊரு பூரா ரோட்டுக்கு அடியில ஓடற கேஸ் பைப்புக்கு மட்டும் மாநிலத்துல ஒரு இன்ஸ்பெக்டர் பதவியே கிடையாது. கலெக்டருக்கு விபத்து நடந்தப்புறம் வேலை இருக்கு, மாநகராட்சிக்கு ரோடு வெட்ட அனுமதி குடுத்து பணம் கட்ட வெக்கற வேலை இருக்கு, நடுவுல இருக்கற அந்த குழிக்கு ஆள் இல்ல.

மாநிலம் ஏன் தனியா சட்டம் போடலன்னு கேட்டா அதுக்கும் பதில் இருக்கு. குஜராத் 2001-ல அவங்களே ஒரு கேஸ் சட்டம் போட்டுப் பார்த்தாங்க, 2004-ல சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச், இயற்கை எரிவாயு மத்திய பட்டியல்ல வருது, மாநிலத்துக்கு சட்டம் போட அதிகாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. சரி, சட்டம் போட முடியாது. ஆனா மத்திய அரசு தன் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்து பாய்லருக்கு குடுத்த மாதிரி சோதனை போடற அதிகாரத்தை மாநிலத்துக்கு குடுக்கலாமே, அதுக்கு எந்த கோர்ட்டும் குறுக்க நிக்காது.

அமெரிக்காவுல இதே ஏற்பாடு தான். 1968-ல அவங்க போட்ட சட்டத்துல, ஒரு மாநிலத்துக்குள்ளயே ஓடற கேஸ் லைனை அந்த மாநில அரசே சோதனை பண்ணலாம், வருஷா வருஷம் மத்திய அரசுக்கு நாங்க ஒழுங்கா பார்க்கறோம்னு எழுதிக் குடுக்கணும், இப்போ செலவுல 80 சதவீதம் வரைக்கும் மத்திய அரசு திருப்பித் தரலாம். என் தங்கச்சி பையன் கலிபோர்னியாவுல இருக்கான், வீட்டுக்குப் பின்னாடி ஒரு மாமரம் நடறதுக்கு கூட 811-க்கு போன் பண்ணி, அவங்க வந்து தரையில கலர் பெயின்ட்ல பைப்பு போற வழியை கோடு போட்டுட்டுப் போனப்புறம் தான் மண்வெட்டியைத் தொட்டானாம். ஆனா அங்கயும் எல்லாம் சரியா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். 2010 செப்டம்பர் 9-ம் தேதி அதே கலிபோர்னியாவுல சான் புரூனோன்ற ஊர்ல 30 இன்ச் லைன் வெடிச்சு 8 பேர் செத்தாங்க, 38 வீடு சாம்பல். 1956-ல போட்ட பைப்பு. கம்பெனி ரெக்கார்டுல தையலே இல்லாத பைப்புன்னு எழுதியிருக்கு, மண்ணுக்குள்ள இருந்தது வெல்டிங் தையல் போட்ட துண்டுங்க, அந்த வெல்டிங்கும் அரைகுறை. கேஸை நிறுத்தவே ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கு. விசாரணை பண்ணவங்க கம்பெனியை மட்டும் திட்டல, மேற்பார்வை பார்க்க வேண்டிய மாநில கமிஷன் கோட்டை விட்டுச்சுன்னு எழுதினாங்க. அதுக்கப்புறம் அதே கமிஷன் 2015-ல அந்த கம்பெனிக்கு 160 கோடி டாலர் தண்டம் போட்டுச்சு. தப்பு நடந்தா யார் சட்டையைப் புடிக்கறதுன்னு அங்க ஜனங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு. எங்க தெருவுல எனக்கு அது தெரியல.

அவ்வளவு தூரம் எதுக்கு, பக்கத்து ஆந்திராவுல 2014 ஜூன் 27-ம் தேதி விடியக்காலை நகரம்னு ஒரு கிராமத்துல மத்திய அரசு கேஸ் கம்பெனி கெயிலோட பைப்லைன் வெடிச்சது ஞாபகம் இருக்கும். 18 இன்ச் லைன், ஈரம் கலந்த கேஸ் ஓடி ஓடி பைப்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருந்தது, 20 பேருக்கு மேல போய்ட்டாங்க, தென்னை மரமெல்லாம் நின்ன வாக்குல கருகி நின்ன போட்டோவை நம்ம பேப்பர்லயே பார்த்தேன். நம்ம ராணிப்பேட்டை சிப்காட்ல 2015 ஜனவரி கடைசியில கழிவுத் தொட்டி சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்த ஆளுங்க 10 பேர் செத்ததும் எனக்கு மறக்கல. அடுத்த நாள் அங்க எத்தனை ஆபீசர் ஜீப் நின்னுச்சு தெரியுமா. நான் கேக்கறது அந்த ஜீப்புல ஒண்ணே ஒண்ணு முதல் நாள் வரணும்னு தான்.

எனக்கு கேஸ் பைப்பு மேல விரோதம் இல்ல. விறகு போட்டு பாய்லர் ஓட்டி நுரையீரல் கெட்டவன் நான், எங்க காலத்துல இந்த கேஸ் வந்திருந்தா எத்தனையோ பேர் இருமி இருமி சாகாம இருந்திருப்பாங்க. என் மருமகளுக்கும் சிலிண்டர் தூக்கற வேலை இல்லாம அடுப்பு எரியட்டும். ஆனா டெல்லியில திருத்தம் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும்னு இல்ல. ரோடு நம்மளுது. ரோடு வெட்ட அனுமதி குடுக்கறது மாநகராட்சி, நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, எல்லாம் மாநில அரசு கீழ வர்றது. அந்த அனுமதியிலயே ஒரு வரி சேர்த்தா போதும், குழி மூடறதுக்கு முன்னாடி எங்க இன்ஜினியர் ஆழத்தை அளந்து, டேப்போட போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்டா தான் மூடலாம், இல்லைன்னா கட்டின டெபாசிட் திரும்ப வராது. லைன் போட்டு முடிச்சதும் எந்த தெருவுல எந்த பக்கம் எவ்வளவு ஆழத்துல போகுது, வால்வ் எங்க இருக்குன்ற மேப் தீயணைப்பு நிலையத்துல ஒண்ணு, வார்டு ஆபீஸ்ல ஒண்ணு இருக்கணும். தோண்டறவங்களுக்கு, மத்திய அரசே 2023 மார்ச்ல கால் பிஃபோர் யூ டிக்னு ஒரு ஆப் விட்டிருக்கு, தோண்டறதுக்கு முன்னாடி கேபிள்காரன் பைப்புக்காரன் எல்லாருக்கும் தகவல் போற மாதிரி. அன்னைக்கு அந்த சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், அப்படி ஒண்ணு இருக்கறதே அவருக்கு தெரியல. டெண்டர்லயே அதை கட்டாயம்னு போட்டு, அந்த ரசீது இல்லாம ஜேசிபி இறங்கக் கூடாதுன்னு சொல்ல மாநில அரசுக்கு யார் தடை?

அப்புறம் ஒத்திகை. விபத்து ஒத்திகையை கம்பெனி வளாகத்துக்குள்ள மட்டும் இல்லாம வெளியவும் மாவட்ட நிர்வாகத்தோட சேர்ந்து நடத்தணும்னு விதியில இருக்கு. அதை ஏதாவது கிரவுண்டுல நாலு பேர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு பண்ணாம ஒரு வாட்டி எங்க மாதிரி தெருவுல, டீக்கடை பாய், எதிர் வீட்டம்மா, ஜேசிபி ஓட்டற பசங்க இவங்களை வெச்சுப் பண்ணச் சொல்லுங்க. அடுப்பை அணை, சுவிட்சைத் தொடாத, வண்டியை ஸ்டார்ட் பண்ணாத, மண்ணைப் போட்டு மூடாத, காத்து வர்ற பக்கமா நடந்து போ, தள்ளிப் போய் போன் பண்ணு. இவ்வளவு தான் சொல்லித் தரணும், அஞ்சு நிமிஷம் ஆகாது.

எங்க தெரு பைப்பை மறுநாளே ஒட்டு போட்டு சரி பண்ணிட்டாங்க. மூடறப்போ நான் கூடவே நின்னேன், இந்த வாட்டி ஷீட் விரிச்சாங்க, ஆனா ஒட்டு போட்ட அந்த பத்தடிக்கு மட்டும். மீதி லைன் அதே ஒண்ணரை அடியில தான் இருக்கு. திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல மனு குடுத்திருக்கேன், ரசீது இருக்கு. இப்போ பின் தெருவுல கேஸ் லைனுக்கு குழி எடுத்து வெச்சிருக்காங்க, பைப்பை இறக்கிட்டாங்க, இன்னும் மூடல. சாயந்திரம் போய் பார்த்தேன், எட்டிப் பார்த்தா மஞ்ச பைப்பு தெரியுது. ரெண்டு மூணு நாள்ல மூடிடுவாங்க. அதுக்குள்ள யாராவது ஒரு அதிகாரி டேப் எடுத்துட்டு வந்தா நானும் கூட வந்து ஒரு முனையைப் புடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாய்லர் ஆப்பரேட்டர்,
சத்துவாச்சாரி, வேலூர்.